இடது பக்கம் வராத கேண்டர்

புதிதாக லாயத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் குதிரையின் கேண்டர் ஓட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று, அங்கே இப்போது பழக்குகிற செல்வி கேட்டாள். நேரில் வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். மனிதர்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போய் நாளாகிறது. கந்தப்பளையில் என் வீட்டுக்கு இப்போது வருகிறவர்கள் மூன்றே பேர்: பால்காரர், கரண்ட் பில் கொண்டுவருபவர், மழை. அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுத்தில் திட்டினால் உங்களுக்கும் அவ்வளவாக உறைக்காது.

கேண்டர் என்றால் என்ன என்று உங்கள் போனில் ஆயிரம் படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடையில் நாலு குளம்புச் சத்தம், கொஞ்சம் வேகமான டிராட்டில் இரண்டு, அதைவிட வேகமான கேண்டரில் மூன்று. மூன்றுக்குப் பிறகு நாலு காலும் நிலத்தை விட்டு எழும்பும் ஒரு சின்ன மௌனம். கோயில் திருவிழாவில் தப்படிக்கிறவர் கையை ஒரு கணம் தூக்கி நிறுத்துவாரே, அந்த மாதிரி. அந்த மௌனம் கேட்டால் கேண்டர் நன்றாக இருக்கிறது. கேட்காவிட்டால் நீங்கள் கடிவாள வாரை இழுத்துப் பிடித்துக் குதிரையின் மூச்சை வாங்குகிறீர்கள், அது மூன்றை நாலாக உடைத்துக்கொண்டு தத்தித் தத்திப் போகிறது. குதிரையைத் திட்டாதீர்கள். கையைத் தளர்த்துங்கள்.

இன்னொன்று, கால். இடது பக்கம் வளைந்து ஓடும்போது குதிரையின் இடது முன்னங்கால் முந்திப் போக வேண்டும், வலது பக்கம் என்றால் வலது. இது மாறினால் வளைவில் குதிரை தடுமாறும். முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் மறுபக்கமுமாகப் பிரிந்து ஓடினால் அதைவிட மோசம், மேலே இருப்பவருக்குச் சல்லடையில் போட்டுச் சலிப்பதுபோல இருக்கும். லாயத்தில் நாம் இடது கேண்டர், வலது கேண்டர் என்று சொல்வது இதைத்தான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நுவரெலியாவில் பந்தயக் குதிரை ஓட்டியவர். பேரைச் சொல்ல மாட்டேன். அவருக்குப் புகழ்ந்தாலும் கோபம் வரும். எந்தக் கால் முந்துகிறது என்று தெரிந்துகொள்ள நான் கேண்டரில் குனிந்து குனிந்து கீழே பார்ப்பேன். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று செல்வி சொன்னாள்.

"கீழ என்னாடா பார்க்குற? எறும்பு எண்ணுறியா?" என்றார் ஒரு நாள். நான் குனிந்தால் என் கனம் முழுக்கக் குதிரையின் முன்தோளில் விழும், அது முந்தவேண்டிய காலையே அமுக்கிவிடும் என்று அவர் விளக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கண்ணைக் கட்டினார். நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடவிட்டார். பத்து நாள் கண்ணைக் கட்டியே ஓட்டினேன். பதினோராம் நாள், கால் எழும்புவதற்கு முன்பே எந்தக் கால் என்று என் இடுப்பு சொல்லியது.

அன்றையிலிருந்து என் இடுப்பு பொய் சொல்லாது என்று நம்பினேன். முப்பது வருசம் நம்பினேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த விசயமே அந்த நம்பிக்கையைப் பற்றியதுதான்.

ரோசி என்று ஒரு குதிரை நம் லாயத்தில் இருந்தது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. பந்தயத்தில் தோற்றுத் தோற்று விலை மலிந்து போனவளை, லாயத்தை நடத்தும் ஓட்டலுக்கு வரும் விருந்தாளிகள் ஏறட்டும் என்று மேனேஜர் வாங்கினார். மேனேஜர் சிங்களவர், என்னோடு பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். நல்ல மனிதர். அப்போதே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"முத்தையா, ஏப்ரல் சீசனுக்கு முன்ன இவ ரெண்டு பக்கமும் கேண்டர் ஓடணும். ஓடினா இருப்பா. இல்லாட்டி கீழ்நாட்டு யாவாரி வருவான். ஹரித, சரியா?"

கீழ்நாட்டு வியாபாரி வாங்கினால் என்ன ஆகும் என்று லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரை வெயிலில் போட்டோவுக்கு நிற்க வேண்டும். அதற்கும் ஆகாமல் போன பிறகு என்ன நடக்கிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ரோசி இருப்பதும் போவதும் என் ஒரு சொல்லில் இருந்தது. ஏனென்றால் அவளை நான் மட்டும்தான் ஓட்டினேன். வேறு யாரையும் ஏறவிடவில்லை. கெடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன்.

முதல் இரண்டு மாதம் அவள் இரண்டு பக்கமும் சுத்தமாக ஓடினாள். காலை ஏழு மணிக்கு, பனி இன்னும் தேயிலை மேலே கிடக்கும்போது, வேலி போட்ட பயிற்சி ரிங்கில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் காதைப் பின்னால் திருப்பி என்னைக் கேட்பாள். அப்படி என்னைக் கேட்ட குதிரை வேறொன்று இல்லை. நான் அவளை நேசித்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த இரண்டு மாத முடிவில் என் மனைவி லெச்சுமி தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விழுந்தாள். தண்ணீர்ப் பானையோடு விழுந்தவளைத் தூக்கினால் இடது கையும் இடது காலும் தொங்கின. டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் மட்டும் பழைய வாய்தான், அதற்கு ஒரு வாதமும் வரவில்லை.

மகன் கொழும்பில். பகலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார், ஆனால் அவரால் தூக்க முடியாது. விடியக்காலை ஒரு தரம், மத்தியானம் லாயத்திலிருந்து குறுக்குப் பாதையில் ஓடி வந்து ஒரு தரம், சாயங்காலம், படுக்கப் போகுமுன். குனிந்து என் வலது தோளை அவள் கக்கத்துக்குள் கொடுத்து, வலது இடுப்பில் அவளைச் சாய்த்து எழுப்ப வேண்டும். அறை குறுகல். கட்டிலை வேறு பக்கம் திருப்ப இடமில்லை, அதனால் எப்போதும் அதே தோள்தான். ஒல்லியான பெண்தான். ஆனால் பாதி உடம்பு ஒத்துழைக்காத ஆள் எவ்வளவு கனம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும்.

"ஏங்க, குதிர கனமா, நான் கனமா?" என்பாள் தோளில் தொங்கிக்கொண்டு.

"நீதான்."

"அப்ப நாளைக்கு இன்னும் ஒரு அகப்ப சோறு போடுங்க. நல்லா தெரியட்டும்."

லாயத்தில் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருசம் எங்களோடு வேலை செய்த ஒருவருக்குப் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனது. மனசு வேறு இடத்தில் இருக்கும் ஆள் குதிரையில் ஏறக்கூடாது என்று மேனேஜர் அவரை கேட் காவலுக்குப் போட்டார். கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நகர முடியாது. மத்தியானம் நான் வீட்டுக்கு ஓட முடியாவிட்டால் லெச்சுமி ஈரத்தில் கிடக்க வேண்டும். நம் தோட்டத்து ஆட்கள் யாரும் ஓட்டலில் வேலை செய்யாதது எனக்கு வசதியாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

மாசி பிறந்தபோது ரோசியின் இடது கேண்டர் கெட்டது. முதலில் தயங்கினாள். பிறகு இடது பக்கம் கேட்டால் வலது காலைக் கொடுத்தாள். நான் வற்புறுத்தினால் முன்னே இடதும் பின்னே வலதுமாகப் பிரிந்து ஓடினாள். வலது பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி. பந்தயத்தில் ஒரே பக்கமாக ஓடிய பழக்கம் திரும்பி வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன வட்டம் போட்டேன். வேலியோரம் நெருக்கினேன். கடைசியில் பிரம்பையும் எடுத்தேன். எழுதவே கை கூசுகிறது. அவள் ஒவ்வொரு அடிக்கும் காதைப் பின்னால் திருப்பி என்னைக் கேட்டாள். நான்தான் கேட்கவில்லை.

வீட்டில் லெச்சுமியிடம் சொல்வேன். அவளுக்கு இருந்த வெளியுலகம் நான் கொண்டுபோகும் குதிரைக் கதைதான்.

"அந்தப் புள்ளைய அடிச்சீங்களா?" என்றாள்.

"அடிக்கல."

"பொய் சொல்றீங்க. பொய் சொன்னா ஒங்களுக்கு மூக்கு வெடைக்கும்."

லாடம் அடிக்க மாதம் ஒரு முறை அட்டனிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வருவார், எங்களுக்கெல்லாம் அவர் நானா. என்னைவிட மூத்தவர், பேச்சு குறைவு. அந்த மாதம் ரோசியின் நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கழற்றி வைத்திருந்த என் சேணத்தைத் தூக்கி, கால் வைக்கும் இரண்டு அங்கவடியையும் சேர்த்துப் பிடித்தார். வலது பக்கத்து அங்கவடி வார் இழுபட்டு ஒரு விரல் அளவு நீண்டு போயிருந்தது.

"முத்தையா, காலு நல்லா இரிக்கி. முதுகும் நல்லா இரிக்கி. லாடம் நாலும் ஒரே மாதிரி தேஞ்சிரிக்கி," என்றார். "வேற ஒராள ஏத்திப் பாருங்க. அந்தச் செல்விப் புள்ளய ஏத்துங்க. நான் நின்டு பாக்குறன்."

செல்வி அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வாளி கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏறட்டுமாண்ணே?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நேத்து வந்த புள்ள ஏறித்தான் எனக்கு கேண்டர் காட்டணுமா நானா? வார் பழசு, அதான் நீண்டிருக்கு," என்றேன். நானா என் முகத்தைப் பார்த்தார். சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார். செல்வி மறுபடி வாளி கழுவக் குனிந்தாள்.

பிள்ளைகளே, என் தொழிலில் நான் செய்த பிழை அந்த ஒரு நிமிசம்தான். குதிரையில் சந்தேகம் வந்தால் இறங்கி, இன்னொருவரை ஏற்றிவிட்டு, ரிங்குக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிசம் போதும். அந்த ஐந்து நிமிசத்தை நான் கொடுக்கவில்லை.

சீசனுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மேனேஜர் பார்க்க வந்தார். விருந்தாளிகளும் சிலர் வேலியோரம் நின்றார்கள். இடது பக்க வளைவில் ரோசியைக் கேண்டருக்குத் தள்ளினேன். பிரிந்து ஓடினாள். ஈரமண்ணில் பின்னங்கால் வழுக்கியது. நேர் எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தார். இழுத்தால் குதிரை அவர் மேலேயே விழும். இழுக்கவில்லை. கடிவாள வாரை விட்டுவிட்டு, கழுத்தைத் தள்ளி, தாழ்வான வேலிக்கு மேலாக மேட்டுப் பக்கம் விட்டேன். தேயிலைச் செடிகளுக்குள் மார்பளவு ஏறி நின்றாள் ரோசி. இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் கீறல், யாருக்கும் எலும்பு முறியவில்லை. சாமர்த்தியம் என்று எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். எதிரே ஆள் இருக்கும்போது இழுக்காதீர்கள், மேட்டைத் தேடுங்கள் என்பதை வேண்டுமானால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பாராட்டு இன்றைக்கும் கசக்கிறது.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

"முத்தையா, நீங்க சொல்லுங்க. இருக்கட்டுமா, போகட்டுமா?"

இருக்கட்டும் என்றால் இடது பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்பார். கேட்டால் என்னைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தால் என் வீட்டையும் பார்ப்பார்கள். இதையெல்லாம் அப்போது நான் வரிசையாக நினைக்கவில்லை, சத்தியம். உள்ளுக்குள் ஒரு பயம் மட்டும் இருந்தது.

"போகட்டும் சேர். இடது பக்கம் அவளுக்கு வராது," என்றேன்.

மூன்றாம் நாள் லொறி வந்தது. ஏற மறுத்தாள். வியாபாரியின் ஆட்கள் தள்ளிப் பார்த்து முடியாமல் என்னைக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் நடந்தேன், என் பின்னால் அவள் ஏறிவிட்டாள். நான் மட்டும் இறங்கினேன். லொறி நுவரெலியாப் பாதையில் திரும்பும் வரைக்கும் பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது. லெச்சுமியிடம், நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் என் மூக்கைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று தூக்கும்போது கேலி பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் ஏறிய குதிரைகளெல்லாம் இடது பக்கம் சண்டித்தனம் செய்தன. கிழட்டுக் குதிரைகள் பொறுத்துக்கொண்டன, இளசுகள் பொறுக்கவில்லை. இப்போது வருகிற குதிரைகளே சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஏறுவதைக் குறைத்துக்கொண்டு தரையில் நின்று மற்றவர்கள் உட்காரும் விதத்தைத் திருத்தினேன். எத்தனை பேரை, நேராக உட்கார் என்று கத்தியிருக்கிறேன் தெரியுமா?

இரண்டு வருசம் அப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம் நான் ஓடி வந்தபோது லெச்சுமி தூங்குவதுபோல இருந்தாள். எழுப்பத் தோளைக் கொடுத்தேன். அவள் கை என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

சாவு வீட்டுக்கு லாயத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விசயம் தெரிந்தது. மேனேஜர், "ஏன் முத்தையா சொல்லல? மத்தியானம் போக நான் விடமாட்டேனா?" என்று கேட்டார். உண்மையிலேயே அவர் கண்ணில் வருத்தம் இருந்தது. சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. இரண்டு வருசம் நான் பயந்தது என் தலைக்குள் இருந்த ஒரு மனிதருக்கு.

நானாவும் அட்டனிலிருந்து வந்திருந்தார். அவர் கட்டிலையும் சுவரையும் அந்தக் குறுகலான இடைவெளியையும் பார்த்தார். பிறகு என் வலது தோளைத் தொட்டு, கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் நிறைய ஏறினேன். மூன்று மாதம் இருக்கும். பனி விலகாத ஒரு காலையில் இளங்குதிரை ஒன்றை ரிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். செல்வி அப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள், வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இப்ப ஒங்களுக்கு இடது கேண்டர் எம்புட்டு அழகா வருது," என்றாள். "முந்தியெல்லாம் நீங்க வலது பக்கமாவே சாஞ்சு ஒக்காருவீங்க. இப்பதான் நேரா இருக்கீங்க."

"முந்தின்னா எப்ப?"

"நான் வந்ததுலருந்தே அப்புடித்தாண்ணே. ரோசி மேல இருக்கும்போதே. சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல."

குதிரையை நிறுத்தினேன். இறங்கினேன். சேணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோசிக்கு ஒன்றும் இல்லை. நாளுக்கு நாலு தரம் லெச்சுமியைத் தூக்கி வலது பக்கமாக வளைந்துபோன உடம்பை நான் ரோசியின் முதுகில் கொண்டுபோய் வைத்தேன். கனம் வலது பக்கம் விழுந்தது, அதனால் வலது காலைக் கொடுத்தாள். நான் கேட்டதை அவள் சரியாகவே கொடுத்தாள். அதற்குத்தான் அடித்தேன். அதற்குத்தான் அனுப்பினேன்.

அன்றே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியாபாரிக்குப் போன் போட்டார். அந்தக் குதிரை இரண்டு கை மாறிவிட்டது, இப்போது எங்கே என்று தெரியாது என்றான். லீவு போட்டுக் கீழே இறங்கி, கடற்கரை ஊர்கள் மூன்றில் தேடினேன். செம்பட்டைக் குதிரைகள் நிறைய நின்றன. ஒன்றும் என்னைப் பார்த்துக் காதைத் திருப்பவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கேண்டர் கெட்டால் முதலில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். வெட்கப்படாமல் பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுங்கள், நான் கோணலா இருக்கேனா, பாருங்க என்று. செல்வியிடமே சொல்லலாம், அவள் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள். நான் ஒருவரிடமும் சொல்லாமல் தனியாகவே சுமந்தேன், அதன் கூலியை ஒரு வாயில்லாத பிராணி கொடுத்தது. இப்போது தனியாக இருப்பதைப் பற்றி நான் யாரிடம் முறையிட முடியும்?

செல்வி அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலோரம் போய் நின்றேன். லெச்சுமி படுத்திருந்த பக்கமாகக் குனிந்து, தூக்குவதற்குக் கொடுப்பதுபோல வலது தோளைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வருசம் தினமும் செய்த வேலை. எந்தக் காலை முன்னே வைப்பேன், எங்கே கையை ஊன்றுவேன் என்று நினைவுக்கு வரவில்லை. உடம்பு நேராகிவிட்டிருந்தது.